விரதமும் வெறும் வயிறும்

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு லண்டன் நோர்பரியில் அந்த வரிசை வீடுகளில் ஒரேயொரு குசினியில்தான் லைட் எரிந்தது. மேசையில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் இடதுகை நடுவிரலைப் பாலாம்பிகை பிடித்துவைத்திருந்தாள். கலியாணத்தன்றுகூட இவள் தன் கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை என்பது அவருடைய முறைப்பாடு.

"கொஞ்சம் மெதுவாப் பிடியும்."

"அசையாதேங்கோ. சொட்டுக் காணாது, இன்னும் வேணும்."

ஒரு சொட்டு இரத்தம் ஸ்ட்ரிப்பில் விழுந்தது. அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தாள். பஞ்சால் துடைத்தாள். இன்னொரு நிமிடம். பிறகு ஸ்ட்ரிப்பை டின்னில் இருந்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சேலைக்கடையில் பிளவுஸுக்கு நிறம் பொருத்துகிறபோது வருகிற அதே கூர்மை கண்ணில் வந்தது.

"ஏழு. ஏழுக்குக் கொஞ்சம் மேலை. அவ்வளவுதான்."

கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒழுங்கான நித்திரை இல்லை. கடிதத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: இன்று எடுக்கும் இரத்தத்திலும் சீனி குறைந்திருக்காவிட்டால் விழுங்குகிற குளிசை இனிப் போதாது, இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் எழுதியிருந்தார். ஊசி போடுகிறவனிடம் பஸ்ஸைக் கொடுக்கமாட்டார்கள் என்று பஸ் கராஜில் ஒருவர் சொல்லிவிட்டார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஐம்பத்தொரு வயது. எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து, பெட்ரோல் ஸ்டேஷன், பேக்கரி, மறுபடியும் பெட்ரோல் ஸ்டேஷன் என்று அலைந்து, நான்கு வருடத்துக்கு முன்புதான் இந்த இரண்டு மாடிப் பஸ்ஸின் சக்கரத்தைப் பிடித்தார். இறங்குகிற சனம் "நன்றி, டிரைவர்" என்று சொல்லிவிட்டுப் போகிற வேலை. அதற்கு முன்பு இந்த நாட்டில் அவருக்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

பாலாம்பிகையின் கவலை வேறு வகையானது. அவளுக்குக் கவலையைவிட ஆராய்ச்சி அதிகம். குசினிச் சுவரில் தொங்கும் தமிழ்க் கலண்டரில், நல்லநேரத்துக்கும் இராகுகாலத்துக்கும் இடையில் இருக்கிற கட்டங்களில், ஒவ்வொரு நாளும் புருஷனுடைய இரத்தத்தின் எண்ணை எழுதி வருகிறாள். புட்டுச் சாப்பிட்ட மறுநாள், இடியப்பம் சாப்பிட்ட மறுநாள், பாண் சாப்பிட்ட மறுநாள் என்று தனித்தனிக் குறிப்பு. ஆஸ்பத்திரி கொடுத்த சாப்பாட்டுத் தாளில் முட்டை அளவு உருளைக்கிழங்கு இரண்டு என்று இருந்தது. புட்டு எத்தனை முட்டை அளவு என்று இல்லை. அதைக் கண்டுபிடிக்கத் தன் விரலையும் நாலைந்து தரம் குத்திப் பார்த்துவிட்டாள். ஸ்ட்ரிப் ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது என்று நர்ஸ் கேட்டபோது மட்டும் அவளுக்கு ஆங்கிலம் மறந்துபோனது.

இப்போது அவளைக் குடைகிற கேள்வி ஒன்றுதான். வீட்டில் சீனி ஏழு, எட்டு; இந்த நாட்டுக் கணக்கில் அது பயமில்லாத எண். அதே மனிதன், அதே காலை, மூன்று மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்தால் பதினொன்று. அடுத்த தடவை பதின்மூன்று. கடைசித் தடவை பதினைந்து. ஒரு பச்சைத் தண்ணியும் குடியாமல் போகிற மனிதனுக்கு வழியில் எங்கிருந்து சீனி ஏறுகிறது?

ஸ்ரீஸ்கந்தராஜா குளிக்கப் போனதும் அவள் மேலே போய் மகளை எழுப்பினாள்.

"வதனா, எழும்பு. அப்பாவுக்குப் பின்னாலை போ."

சந்திரவதனாவுக்கு இருபது வயது. பார்மசி படிக்கிறாள். காலை ஐந்தரை என்றொரு நேரம் இருப்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"அம்மா, சீரியஸா? நான் என்ன டிடெக்டிவா?"

"நீதானே சொன்னனீ, ஆஸ்பத்திரி மெஷின் பிழை விடாதெண்டு. என்ரை ஸ்ட்ரிப்பும் பிழை விடேல்லை. அப்ப பிழை நடக்கிறது ரோட்டிலை. உன்ரை கொப்பர் ஏதோ களவாத் தின்னுறார்."

"அப்பா அப்படிச் செய்யமாட்டார்."

"செய்யாட்டி நல்லது. போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

மகளுக்கும் அதை அறிய ஆசைதான். வெளியில் சொல்லவில்லை.

ஆறரைக்கு அவர் வெளிக்கிட்டார். நெற்றியில் மூன்று குறி விபூதி, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. நடந்தால் சீனி இறங்கும் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவர் நடைதான். வதனா தாயின் நீளக் கோட்டைப் போட்டு, தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, ஐம்பது யார் தூரம் பின்னால் நடந்தாள். மார்ச் மாதக் குளிர் காதைக் கடித்தது.

லண்டன் ரோட்டில் ஒரு பேக்கரி அப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா நின்றார். கண்ணாடிக்குள் ஜாம் வைத்த டோநட்டுகள் சீனி பூசிக்கொண்டு அடுக்காக இருந்தன. வதனா ஒரு தபால் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் நின்று, கண்ணாடியில் தன் விபூதி கலைந்திருக்கிறதா என்று பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அடுத்தது பத்திரிகைக் கடை. சொக்கலேட் அடுக்கு வாசலிலேயே இருக்கும். அவர் கடைக்காரக் குஜராத்திக்குத் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார். வதனாவுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற தகப்பனைக் கள்ளனைப்போல் பின்தொடர்கிறோமே என்று திரும்பிப் போக நினைத்தாள். அந்த நேரத்தில்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரிய ரோட்டை விட்டு, ஸ்ட்ரெதமில் ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினார்.

அந்தத் தெருவில் முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த ஒரு கட்டிடம் இருக்கிறது. இப்போது அது பிள்ளையார் கோயில்.

வதனா கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். வேட்டிக்கு மேல் சுவெட்டர் போட்டிருந்த ஐயர் அபிஷேகம் முடித்துத் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடி நின்றார். உதடு அசைந்தது. அவருடைய நட்சத்திரமும் பெயரும் அருச்சனையில் வருவது கேட்டது. இரத்த ரிசல்ட் நல்லபடி வரவேண்டும் என்று அப்பா அருச்சனை செய்விக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் ஒரு தரம் கண்ணைக் கசக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஐயர் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சாமிர்தம். வாழைப்பழம், தேன், சர்க்கரை, பேரீச்சம்பழம், முந்திரிகை வற்றல். மற்ற இரண்டு பேருக்கும் ஒரு கரண்டி. அப்பாவுக்குக் கிண்ணத்தோடு. "வருத்தக்காரர், கொஞ்சம் கூடவே எடுங்கோ," என்று ஐயர் சொன்னார். அப்பா பயபக்தியோடு, ஒரு துளி சிந்தாமல், முழுவதையும் சாப்பிட்டார். பிறகு அபிஷேகப் பால் ஒரு டம்ளர். பிறகு ஒரு வாழைப்பழம்.

வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தபோது மகள் நின்றாள்.

"நீ இஞ்சை என்ன செய்யிறாய்?"

"அப்பா, நீங்கள் சாப்பிட்டிட்டீங்கள்."

"நானோ? நான் விரதம்."

"இப்பத்தானே ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம் சாப்பிட்டீங்கள்."

"அது பிரசாதமெல்லே." அவருக்குச் சத்தியமாகவே விளங்கவில்லை. "பிரசாதத்தை ஆராவது சாப்பாடெண்டு சொல்லுவினமே?"

"ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இப்படியா?"

"முதல்முறை கையிலை கொஞ்சம்தான் தந்தவர். ரிசல்ட் சரியில்லை எண்டவுடனை ஐயர் பாவம் பாத்து அடுத்தமுறை கொஞ்சம் கூடத் தந்தார். போனமுறை இன்னும் கூட."

பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து. வதனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிள்ளையாரிடம் மன்றாட மன்றாடச் சீனி ஏறிய மனிதன் லண்டனில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"அப்பா, ஃபாஸ்டிங் எண்டா ஒண்டுமே வாயிலை வைக்கக் கூடாது. பிரசாதமும்தான்."

"ஆர் சொன்னது? விரதமெண்டு நீதானே சொன்னனீ."

அவர் குற்றம் சாட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் வதனாவுக்கு முகம் சுட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு முதல் கடிதம் வந்த நாள் ஞாபகம் வந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஃபாஸ்டிங் எண்டால் என்ன பிள்ளை என்று அம்மா குசினியிலிருந்து கேட்டாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே "விரதம்" என்றாள் இவள். அகராதியும் அதையேதான் சொல்லும். அம்மா கலண்டரில் எழுதினாள். அப்பா தோய்ந்து, விபூதி பூசி, முறைப்படி விரதம் பிடித்தார். ஒரு சொல்லைச் சோம்பலாய்ச் சொன்னதற்கு இவ்வளவு தண்டனையா என்று அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"அப்பா, இண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நடந்ததைச் சொல்லுவம். வேறை நாள் தருவினம்."

"சாப்பிட்டன் எண்டு சொல்லச் சொல்லுறியோ? விரதம் பிடிச்சவன் சாப்பிட்டன் எண்டு சொன்னா அது பொய். பிரசாதத்தைச் சாப்பாடெண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

"அப்ப நான் சொல்லுறன்."

அவர் தொப்பியை எடுத்துப் போட்டார். கூட நடந்தார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் இடத்துக்கு வெளியே கதிரைகள் நிரம்பியிருந்தன. தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபித் தாத்தா, இரண்டு குஜராத்திப் பெண்கள், ஒரு வங்காளிக் குடும்பம், நம்மவர் நான்கு பேர். அரைவாசிக்கு மேல் ஒரே நிறத் தோல். வெள்ளைக்காரன் காலை மாலை சிப்ஸும் பியருமாக இருக்க, சீனி வருத்தம் மட்டும் ஏன் நமக்கு என்று பாலாம்பிகை அடிக்கடி கேட்பாள். அதைப் பற்றித்தான் இப்போது ஆராய்கிறார்கள் அம்மா, காரணம் இன்னும் சரியாகத் தெரியாது என்று மகள் சொல்வாள். தெரியாதவர்கள் ஏன் புட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பது தாயின் அடுத்த கேள்வி.

அன்று இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவர் இம்மாகுலேற். மன்னார்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. முன்பெல்லாம் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு எடுத்தது வேறு ஆட்கள். ஃபாஸ்டிங்கா என்று கேட்பார்கள், ஓம் என்பார், ஊசி ஏறும். அதோடு சரி.

வதனா தமிழிலேயே விஷயத்தைச் சொன்னாள். இம்மாகுலேற் சிரிக்கவில்லை. அப்பாவின் கையில் கட்டிய இறப்பர்ப் பட்டியை அவிழ்த்துவிட்டு அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன எடுத்தனீங்கள்?"

"சாப்பாடு ஒண்டும் எடுக்கேல்லை, தங்கச்சி."

"நான் சாப்பாட்டைக் கேக்கேல்லை. தண்ணியைத் தவிர வாயிலை என்ன பட்டது?"

அந்தக் கேள்வியில் பொய்க்கும் இடமில்லை, பாவத்துக்கும் இடமில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எங்கட சனமும் இப்பிடித்தான், அண்ணை," என்றார் இம்மாகுலேற். "ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்திலை ஒருசந்தி பிடிச்சுக்கொண்டு வருவினம். ஒருநேரம் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அவைக்கு அது ஒருசந்தி. ஃபாஸ்டிங்கோ எண்டு கேட்டா, ஓம் எண்டுதான் சொல்லுவினம். ஆனா சின்னனிலை நான் பூசையிலை நன்மை அப்பம் வாங்கப் போகேக்கை, பல்லு விளக்கிற தண்ணியை விழுங்கிப்போடுவன் எண்டு அம்மா பக்கத்திலை காவல் நிப்பா. இவையள் கேக்கிறது அதைத்தான். விரதம் வேண்டாம். வெறும் வயித்தோட வாங்கோ."

"வெறும் வயிறு," என்று ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "அப்பிடிக் கேட்டிருந்தா நேரை இஞ்சை வந்து இரத்தத்தைக் குடுத்திட்டு, பிறகு கோயிலுக்குப் போயிருப்பனே."

"திங்கக்கிழமை அப்பிடியே செய்யுங்கோ. இண்டைக்கு எடுக்கிற இரத்தத்தாலை பிரயோசனமில்லை. டொக்டருக்கு நான் குறிப்பு வைக்கிறன்."

வதனா ஓடிப்போய் நடைபாதையில் இருந்த போன் பெட்டியிலிருந்து வீட்டுக்கு அடித்தாள். மறுமுனையில் பாலாம்பிகை முதலாவது மணிக்கே எடுத்தாள். வதனா கதையைச் சொல்லி முடித்தாள்.

"பஞ்சாமிர்தமோ?"

"ஓம் அம்மா. கிண்ணத்தோட."

"அப்ப என்ரை ஸ்ட்ரிப் சரி."

"ஸ்ட்ரிப் சரி. மெஷினும் சரி."

"அப்ப ஊசி இல்லையோ?"

"இராதம்மா. திங்கக்கிழமை ஏழு வந்தா ஏன் ஊசி?"

பாலாம்பிகை போனிலேயே அழுதுவிட்டாள். உடனே அதை மறைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கட்டா என்று கேட்டாள். பின்னேரம் இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட் இருக்கிறது, நேரத்தோடு கூட்டிக்கொண்டு வா என்றாள். வதனா பறக்காத குறையாகத் திரும்பி வந்தாள்.

உள்ளே நிலைமை வேறாக இருந்தது. இம்மாகுலேற் அப்பாவின் மருந்து அட்டையைக் கையில் வைத்து மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குளிசையை ரெண்டு தரம் கூட்டியிருக்கினம்."

"ஓம். ரிசல்ட் கூடக் கூட, அதுவும் கூடினது."

வதனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்மசி படிக்கிறவளுக்கு முதலில் உறைத்திருக்க வேண்டும். கிண்ணத்துப் பஞ்சாமிர்தத்தை அடக்குவதற்காக எழுதப்பட்ட குளிசையைப் பஞ்சாமிர்தம் இல்லாத நாட்களிலும் அப்பா தவறாமல் விழுங்கி வருகிறார். சீனி இருக்கிற உடம்பில் அது வேலை செய்யும். இல்லாத உடம்பிலும் நிற்காமல் வேலை செய்து, சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

"அப்பா, உங்களுக்குக் கை நடுங்கிறதோ? வேர்க்கிறதோ?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பதினொரு மணி போலை வரும். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். ஷிப்ட் மாறி மாறி வாறதாலை, நித்திரை காணாதெண்டு நினைச்சன்."

"எத்தினை தரம்?"

"நாலைஞ்சு தரம் இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். "போன செவ்வாய்க்கிழமை சனம் மணி அடிச்சிருக்கு. எனக்குக் கேக்கேல்லை. ஒரு மனுசி வந்து பக்கத்துக் கண்ணாடியிலை தட்டினபிறகுதான் பிறேக் பிடிச்சன். மூண்டு ஸ்டொப் தாண்டிப் போயிட்டனாம். அந்த மூண்டு ஸ்டொப்பும் எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை."

வதனா ஸ்டொப்பில் நின்ற சனங்களை நினைத்தாள். குறுக்கே கடந்திருக்கக்கூடிய பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்தாள். பயமாக இருந்தது. இதை ஒருவருக்கும் சொல்லாமல் மறுநாளும் போய் அதே ஆசனத்தில் ஏறியிருந்தாரே என்று கோபம் வந்தது. அவருடைய தலைமயிர் ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

"ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னா இறக்கிப்போடுவாங்கள்."

இம்மாகுலேற் எழுந்தார். "அண்ணை, இதை நான் என்ரை மனசுக்குள்ளை வைச்சிருக்க ஏலாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நீரிழிவு நர்ஸைக் கூட்டிவந்தார். நர்ஸ் புதிதாக வந்த இளம்பெண், கையில் பேனாவும் காகிதமும். அப்பாவுக்கு எதிரே அமர்ந்து, அவருக்கு ஆங்கிலம் குறைவு என்று நினைத்து, சத்தமாகவும் மெதுவாகவும் கேட்டாள். சமீபத்தில் நடுக்கம், தலைச்சுற்று, நினைவு தடுமாறுகிற மாதிரி ஏதாவது வந்ததா?

ஸ்ரீஸ்கந்தராஜா மகளைப் பார்த்தார்.

"என்ன கேக்கிறா?"

நாள் முழுக்க லண்டன் சனத்தோடு கதைத்துப் பஸ் ஓட்டுகிறவருக்கு அந்த ஆங்கிலம் விளங்காமலில்லை. வதனாவுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அன்று "விரதம்" என்று சொன்னதைப்போல் இன்றும் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். "இல்லை" என்றால் போதும். திங்கட்கிழமை ஏழு வரும், குளிசையைக் குறைப்பார்கள், பஸ்ஸும் இருக்கும், அம்மாவின் குழம்பும் ஆறாது.

"உங்களுக்கு நடுக்கம், தலைச்சுத்து வாறதோ எண்டு கேக்கிறா," என்றாள் வதனா. "வேலை என்னவெண்டு அவ கேக்கேல்லை. நான் அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறன், அப்பா. செவ்வாய்க்கிழமையையும்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது பத்து. தொப்பியை எடுத்து இரண்டு தரம் மடித்தார்.

"கொம்மாவுக்கு நான் சொல்லுறன்," என்றார். "இவவுக்கு நீ சொல்லு."

வதனா நர்ஸின் பக்கம் திரும்பிச் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னாள். இவர் அடுத்ததாக எப்போது பஸ் ஓட்ட வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். இன்று இரண்டு மணிக்கு என்றாள் வதனா. நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தொலைபேசியை இழுத்து எண்களை அமத்தத் தொடங்கினாள்.

"ஆருக்கு அடிக்கிறா?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராஜா.

இந்தத் தடவை அவருக்கு உண்மையாகவே தெரியாது. வதனாவுக்கும் தெரியாது.